கடல் நீச்சல் ட்ரையத்லான்: பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) என்று விளம்பரம் செய்து பணம் வாங்கிய ஓர் அமைப்பாளர் நீச்சல் பகுதியை நடத்திய லட்சணம் இது. பெயர் வேண்டாம். அறிவிப்பில் படகுகள், லைஃப்கார்டுகள், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தன. கடலில் இருந்தது ஒரே ஒரு ஃபைபர் படகு. அதுவும் இன்ஜினை அணைக்காமல் நீந்துகிறவர்கள் நடுவே சுற்றியது; விசிறிக்குக் காப்பு வளையம் கிடையாது. துடுப்பு போடும் சிறு படகான கயாக் ஒன்றுகூட இல்லை. வீரர் உடம்பில் கட்டிய மின்னணுச் சிப்பைப் பதிவு செய்யும் விரிப்பை (சிப் மேட்) கரையேறும் இடத்தில் மட்டும் போட்டிருந்தார்கள். இறங்கியவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

இருந்ததிலேயே மோசம் அந்தக் கடைசிக் குறைதான். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கி.மீ. உலகக் கோப்பை நீச்சலில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பென் கரைக்கு வரவில்லை. அதைக் கவனித்துத் தேடப் போனவர்கள் சக வீரர்கள். உடல் கிடைக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுவீர்களா? பதிவுப் பட்டியலை வைத்துக் கணக்குப் பார்ப்பது எண்ணுவதாகாது. பணம் கட்டிவிட்டு வராதவர்கள் எப்போதும் உண்டு.

அடுத்தது நீரோட்டம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னைக் கரையோர ஓட்டம் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே. நீச்சல் குளத்தில் 100 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் கடப்பவரின் வேகம் விநாடிக்கு 0.67 மீட்டர். எதிரோட்டம் விநாடிக்கு 0.5 மீட்டர் இருந்தால் அதே 100 மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆகும். மிதக்கும் எதையாவது அலை உடையும் இடத்துக்கு அப்பால் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 மீட்டர் நகர்ந்தால் அதுதான் இந்த 0.5. அன்று காலை அமைப்பாளர் இதைச் செய்யவில்லை, குப்பத்து மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. போன வேகத்தில் திரும்ப முடியாமல் பலர் மிதவையைப் பிடித்துத் தொங்கினார்கள். அதில் தப்பே இல்லை. நகராத மிதவையையோ படகையோ பிடித்து மூச்சு வாங்குவதை விதி அனுமதிக்கிறது. பிடித்தபடி முன்னேறத்தான் கூடாது. போட்டிக்கு முன் இதை யாரும் சொல்லவில்லை என்பதால், பிடித்தால் தகுதி போய்விடும் என்று பயந்து பிடிக்காமலே தவித்தவர்களும் இருந்தார்கள்.

போட்டி நடந்த இடத்து ஸ்டாலில் ‘பாதுகாப்பு’ என்று சொல்லி வெட்சூட் (உடம்பை ஒட்டிச் சூடு காக்கும் ரப்பர் நீச்சலுடை) விற்றார்களே, அது சுத்த ஏமாற்று. 1,500 மீட்டர் நீச்சலில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் போனால் அமெச்சூர்களுக்கு வெட்சூட்டே கூடாது என்பது இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான வேர்ல்ட் ட்ரையத்லானின் விதி. சென்னைக் கடல் ஆண்டு முழுக்க 25-க்கு மேல். உடம்பு கொதிக்கும், நெஞ்சை இறுக்கும். இடுப்பில் கட்டும் மிதவைப் பையும் உயிர்காப்புச் சாதனம் அல்ல, பையிலேயே எழுதியிருக்கும்.

இனி நம் பக்கம். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லானில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஆராய்ந்ததில், 135-இல் 90 நீச்சலின்போது நடந்தவை. பெரும்பாலும் ஆண்கள், 40 வயதுக்கு மேல் ஆபத்து ஏறுகிறது. ரத்த அழுத்தம், ஈசிஜி பார்க்காமல் இறங்காதீர்கள். நீந்தும்போது திடீர் இருமல், மூச்சுத்திணறல், இளஞ்சிவப்பு நுரைச் சளி வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். கரையேறியதும் படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். சற்று ஓய்வெடுத்துவிட்டுச் சைக்கிள் ஏறுகிற வேலை வேண்டாம்.

பாதியில் விலகினால் சிப்பைக் கழற்றி அதிகாரி கையில் கொடுத்து, உங்கள் எண்ணை அவர் குறிக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனால், இருக்கிற அந்த ஒற்றைப் படகும் உங்களைத் தேடப் போய்விடும்.