விளம்பரத்தை அடக்க ரூட் வேண்டுமா, பிரைவேட் டிஎன்எஸ் போதுமா?

ஆண்ட்ராய்டில் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைல், அதாவது எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்ற பட்டியல், போனின் சிஸ்டம் பகுதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. விளம்பர சர்வரின் பெயருக்கு எதிரே, எங்கும் போகாத 0.0.0.0 என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த விளம்பரம் வந்து சேராது. ஆனால் அந்தப் பகுதியைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. எழுத ரூட், அதாவது போனின் மீது முழு நிர்வாக உரிமை, வேண்டும். ரூட்டுக்கு, போனை இயக்கத் தொடங்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த கணமே போனில் உள்ள படம், சாட் எல்லாம் அழிந்துவிடும்.

ரூட் செய்ய உதவும் மேஜிஸ்க் என்ற கருவி கொஞ்சம் சாமர்த்தியமானது. அசல் ஃபைலைத் தொடாமல் மேலே இன்னொன்றைப் போர்த்திவிடும். எந்தப் பெயரைத் தடுப்பது, எதை விடுவது என்று வரிவரியாக நீங்களே தீர்மானிக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு: பல பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கும். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃப்யூஸ் ஒருமுறை போனால் போனதுதான். ரூட்டை நீக்கினாலும், ரகசிய ஃபைல்களைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்பாது.

2018இல் ஆண்ட்ராய்டு 9உடன் வந்த பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கு, அதாவது தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதிக்கு, இதெல்லாம் வேண்டாம். செட்டிங்ஸில், விளம்பர சர்வர்களின் பெயர்களைத் தடுக்கும் ஆட்கார்டு போன்ற சேவையின் முகவரியைத் தட்டினால் வேலை முடிந்தது. என்ன, நீங்கள் தேடும் தளங்களின் பெயர்கள் அந்த சர்வருக்குத் தெரியும். ரயில் நிலைய வைஃபையின் லாகின் பக்கம் சில நேரம் முரண்டு பிடிக்கும், அப்போது அணைத்துப் போட வேண்டியிருக்கும்.

யூடியூப் விளம்பரத்திடம் இரண்டுமே தோற்கும். அது வீடியோ வரும் வழியிலேயே வருகிறது.

தினமும் யுபிஐயில் பணம் கட்டும் போனில் நான் ரூட்டைத் தொடமாட்டேன். டிராயரில் கிடக்கும் பழைய போன் என்றால் தாராளமாகச் செய்து பாருங்கள்.