சுரங்க மின்பணிக் கைக்கருவிகள்: கண்ணால் பார்த்தால் போதுமா, மெக்கர் வைக்கணுமா, 10 கிலோவோல்ட் ஏற்றணுமா?

காப்பிட்ட குறடோ ஸ்க்ரூ டிரைவரோ புதிதாக வரும்போது அதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற அச்சும் இருக்கும். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வகுத்த 60900 தரத்தின்படி செய்த கருவி, தொழிற்சாலையிலேயே 10 கிலோவோல்ட் ஏற்றிப் பார்த்து அனுப்பியது என்பதே அதற்குப் பொருள். அந்த நம்பிக்கை, கருவி சுரங்கத்துக்குள் இறங்கும் வரைக்கும்தான். ஈரம், ஹைட்ராலிக் எண்ணெய், நிலக்கரித் தூள், இரும்புத் தளத்தில் விழும் அடி எல்லாம் பட்ட பிறகு அந்தக் காப்பு இன்னும் காப்பாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: கண்ணால் பார்ப்பது, 1,000 வோல்ட் மெக்கர் (காப்பின் மின்தடையை அளக்கும் மீட்டர்), கேபிள் சோதிக்கும் 5 கிலோவோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர், தண்ணீர்த் தொட்டியில் 10 கிலோவோல்ட் ஏ.சி. இவற்றில் எது எதைக் கண்டுபிடிக்கும், எது எதைத் தவறவிடும் என்பதே இங்கே அலசல்.

அதற்கு முன் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவிகளின் வரம்பு 1,000 வோல்ட் ஏ.சி., 1,500 வோல்ட் டி.சி. நிலத்தடிச் சுரங்கங்கள் பலவற்றில் விநியோகமே 1,100 வோல்ட். "10 கிலோவோல்ட் தாங்குகிற கருவிக்கு 1,100 ஒரு பொருட்டா?" என்ற வாதம் பணிமனைகளில் அடிக்கடி எழும். சோதனை மின்னழுத்தத்துக்கும் வரம்புக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசம் தேய்மானம், ஈரம், அழுக்கு ஆகியவற்றுக்காக வைத்த இடம்; பயன்படுத்துபவர் எடுத்துச் செலவழிப்பதற்கு அல்ல. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 635 வோல்ட்தானே என்ற கணக்கும் உதவாது. நியூட்ரல் எர்த் செய்யப்படாத அமைப்பில் ஒரு ஃபேஸ் எர்த் ஆகிவிட்டால், மற்ற இரண்டும் எர்த்துக்கு முழு லைன் மின்னழுத்தத்தில், அதாவது 1,100 வோல்ட்டில், நிற்கும். நீண்ட நிலக்கரிச் சுவரை இயந்திரத்தால் வெட்டும் 3.3 கிலோவோல்ட் லாங்வால் பக்கம் இந்தக் கருவியோடு போகும் பேச்சே இல்லை.

வாயு உள்ள இடத்தில் கதை இன்னும் சுருக்கம். காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 விழுக்காடு வரை வெடிக்கும். உள்ளே எழும் தீயை வெளியே விடாத ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டியின் மூடியைத் திறந்த கணமே அதன் பாதுகாப்பு போய்விட்டது. காப்பிட்ட கருவி கையைக் காக்கும். முனை இரண்டு டெர்மினலைத் தொட்டால் கிளம்பும் பொறியை நிறுத்தாது. அமெரிக்க நிலத்தடி நிலக்கரிச் சுரங்க விதி 75.509, பழுது தேடவும் அளந்து பார்க்கவும் அவசியமானால் ஒழிய எல்லா வேலைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்கிறது. கீழே சொல்லும் உயர் மின்னழுத்தச் சோதனைகள் எல்லாமே மேற்பரப்புப் பணிமனைக்கு உரியவை.

கண்ணால் பார்ப்பது

செலவில்லாதது என்பதாலேயே மதிப்புக் குறைந்துபோன வழி இது. கழிக்க வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவற்றை இதுவே பிடித்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும் என்பது தரத்தின் பரிந்துரை. சுரங்கத்தில் ஒவ்வொரு ஷிப்டும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதலில் கழுவ வேண்டும். மிதமான சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். பெட்ரோல், தின்னர் வேண்டாம். அவை காப்பை மென்மையாக்கிப் பிறகு வெடிப்பு விழ வைக்கும். துடைத்ததும் கைப்பிடியை நல்ல வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். படுத்த நிலையில் தெரியாத மயிரிழை வெடிப்பு வளைவில் வாய் திறக்கும். அடுத்து, உலோகத்தைப் பிடித்துக்கொண்டு உறையைத் திருகிப் பாருங்கள். உறை தனியாகச் சுழன்றால் ஒட்டு விட்டுவிட்டது, உள்ளே ஈரம் தங்கும். ஹைட்ராலிக் எண்ணெயில் ஊறிய உறை உப்பிப் பிசுபிசுக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் மீளாது. திறந்தவெளிச் சுரங்கத்தில் எதிர்ப்பக்கம்: வெயிலில் கிடந்த உறை வெளிறி, கெட்டிப்பட்டு, மாவுபோல் உதிரும். ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் 18 மில்லிமீட்டருக்கு மேல் வெற்று உலோகம் தெரிந்தால் கழியுங்கள். யாரோ உறையைச் சீவியிருக்கிறார்கள். குறடில் விரல் நழுவாமல் தடுக்கும் விளிம்பு உடைந்திருந்தாலும் அப்படியே. டேப் சுற்றிய கருவியைப் பிரித்துப் பார்க்கவே தேவையில்லை.

இரண்டு நிற உறை உள்ள கருவிகள் இந்த வழிக்கு நல்ல துணை. மேலடுக்கு தேய்ந்தோ கீறியோ போனால் உள்ளடுக்கின் நிறம் தெரியும். தரம் இரண்டு நிறத்தைக் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் சுரங்கத்துக்கு வாங்குவதாக இருந்தால் நாங்கள் ஒற்றை நிறத்தை எடுக்க மாட்டோம். சாதாரணக் குறடில் வரும் வழுவழுப்பான பிளாஸ்டிக் பிடி இந்தக் கணக்கிலேயே வராது. அது கைக்கு இதமாக இருக்கச் செய்தது, காப்பு அல்ல.

இந்த வழி தவறவிடுவது: உறைக்குள் புதைந்த காற்றுக்குமிழி, இரும்புத் துருவல் குத்திய ஊசித்துளை, உள்ளே ஊறிய ஈரம்.

1,000 வோல்ட் மெக்கர்

கைப்பிடியில் ஈரத்துணியோ அலுமினியத் தாளோ சுற்றி, ஒரு முனையை அதிலும் மறுமுனையைக் கருவியின் உலோகத்திலும் கொடுத்து ஒரு நிமிடம் பார்ப்பது வழக்கம். முள் முடிவிலிக்குப் போகும், பதிவேட்டில் "சரி" என்று எழுதுவார்கள். மெக்கர் சொன்ன விடை தவறில்லை. கேட்ட கேள்விதான் தவறு.

1,000 வோல்ட் ஏ.சி. லைனின் உச்ச மின்னழுத்தமே 1,414 வோல்ட். மெக்கர் ஏற்றுவது 1,000 வோல்ட் டி.சி. வேலையில் படப்போகும் அளவைக்கூட எட்டாத சோதனை இது. 1 மில்லிமீட்டர் உலர்ந்த காற்றிடைவெளியை உடைக்கவே 3,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதனால் உலோகம் வரை வெடித்த உறையும் உலர்ந்திருந்தால் ஜிகா ஓம் காட்டும். அதே வெடிப்பில் உப்புக் கலந்த சுரங்கத் தண்ணீர் இறங்கினால் அது கம்பி.

மெக்கர் பயனற்றது என்று சொல்லவில்லை. நிலக்கரித் தூளும் கிரீஸும் படிந்த மேற்பரப்பின் கசிவை அது நன்றாகக் காட்டும். கழுவுவதற்கு முன் 100 மெகா ஓமுக்குக் கீழே நின்ற கருவி, கழுவி உலர்த்திய பின் ஜிகா ஓமுக்கு ஏறினால் குற்றம் அழுக்கில். ஏறவில்லை என்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது, கழிக்கலாம். இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5 கிலோவோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர்

நகரும் இயந்திரத்தின் பின்னே இழுபடும் டிரெய்லிங் கேபிளைச் சோதிக்க எப்படியும் பெரிய சுரங்கங்களில் இது இருக்கும். சோப்புத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளியில் கைப்பிடியைச் சில மணி நேரம் ஊறவைத்து, வாளிக்குள் எர்த் கம்பியை இறக்கி, உலோகத்துக்கு 5 கிலோவோல்ட் டி.சி. கொடுத்தால் ஊடுருவிய வெடிப்புகள் சிக்கும். சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து மெல்லிய பிளவுக்குள் இறக்கிவிடும். மெக்கருக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

குறை இரண்டு. உறை முழுதாகத் துளைபடாமல் பாதி மட்டும் மெலிந்திருந்தால் 5 கிலோவோல்ட் டி.சி. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும். 10 கிலோவோல்ட் ஏ.சி.யின் உச்சம் 14 கிலோவோல்ட்டுக்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது, தரத்தில் உள்ள கசிவு வரம்பு ஏ.சி.க்கானது. டி.சி.யில் கிடைக்கும் மைக்ரோ ஆம்பியர் அளவை அதோடு ஒப்பிட்டுச் சான்று எழுத முடியாது.

தண்ணீர்த் தொட்டியில் 10 கிலோவோல்ட்

மாதிரிக் கருவிகளுக்குத் தரம் சொல்லும் முறை இதுதான்: 24 மணி நேரம் அறை வெப்பநிலைத் தண்ணீரில் ஊறல், துடைத்தல், பிறகு தொட்டியில் இறக்கி 10 கிலோவோல்ட் ஏ.சி., 3 நிமிடம். காப்புள்ள பகுதி மூழ்க வேண்டும். வெற்று உலோகத்துக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே சுமார் 24 மில்லிமீட்டர் விட வேண்டும். அனுமதிக்கும் கசிவு, காப்பின் 200 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லி ஆம்பியர். குறடுக்கு இரண்டு கைப்பிடியையும் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 120 மில்லிமீட்டர் என்றால் வரம்பு 1.2 மில்லி ஆம்பியர்.

முதன்முறை செய்பவர்கள் இங்கே திகைப்பார்கள், நல்ல குறடு கூட 1 மில்லி ஆம்பியரை ஒட்டிக் காட்டுகிறதே என்று. உலோகம், உறை, தண்ணீர் மூன்றும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர். 50 ஹெர்ட்ஸில் அது இழுக்கும் மின்னோட்டம்தான் அந்த அளவின் பெரும்பகுதி. அதனால் ஒரு அளவை மட்டும் பார்க்காமல், அதே மாதிரிப் புதுக் கருவியோடும் போன ஆண்டின் பதிவோடும் ஒப்பிடுங்கள். அளவு நிலையாக நின்றால் கவலை இல்லை. 3 நிமிடத்துக்குள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் உறை ஈரம் குடித்திருக்கிறது.

நல்ல கருவியைத் தோற்கடிப்பது பெரும்பாலும் தண்ணீருக்கு மேல் விட்ட அந்த 24 மில்லிமீட்டர்தான். அங்கே ஈரப்படலம் இருந்தால் மின்சாரம் உறையைத் துளைக்காமல் மேற்பரப்பில் ஓடிப் பாயும். ட்ரிப் ஆனதும் கழிக்காமல், அந்தப் பகுதியைத் துடைத்து உலர்த்தி ஒரு முறை மட்டும் மறுபடி ஏற்றுங்கள். உறையில் கருகிய புள்ளி தெரிந்தால் மறு முயற்சி கிடையாது.

மின்னழுத்தத்தை விநாடிக்குச் சுமார் 1 கிலோவோல்ட் வீதம் ஏற்றுங்கள். தொட்டியைச் சுற்றிக் கூண்டு, கதவைத் திறந்தால் மின்சாரம் நிற்கும் இன்டர்லாக், மிச்ச மின்னேற்றத்தை எர்த்துக்கு இறக்கும் எர்த் கோல், இரண்டாவது ஆள்: இவை இல்லாத இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம். ராட்செட், டார்க் ஸ்பேனர் போன்றவற்றை முழுதாக மூழ்கடித்தால் உள்ளே தண்ணீர் தங்கித் துருவும். அவற்றுக்குத் தண்ணீருக்குப் பதில் 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் குண்டுகள் நிறைந்த தொட்டி வசதியானது.

எதை எடுப்பது

ஷிப்டுதோறும் கண் பார்வை. அதை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது. நீர் ஊறும் உலோகச் சுரங்கத்திலும் ஹைட்ராலிக் எண்ணெய் புழங்கும் இடத்திலும் ஆண்டுக்கு ஒரு முறை 10 கிலோவோல்ட் ஏ.சி. ஒரு சில பத்துக் கருவிகள் மட்டும் உள்ள சுரங்கம் தொட்டி கட்டுவதைவிட வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அல்லது சந்தேகப்பட்டதை மாற்றிவிடலாம். பல நேரம் மாற்றுவதுதான் மலிவு. 5 கிலோவோல்ட் வாளிச் சோதனையை ஒரு வருடாந்தரச் சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே, கீழே விழுந்த கருவிக்கும் சந்தேகம் எழுந்த கருவிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் 10 கிலோவோல்ட் ஏற்றுவது அக்கறை போலத் தோன்றும்; உறைக்குள் குமிழி இருந்தால் ஒவ்வொரு ஏற்றமும் அதைக் கொஞ்சம் அரிக்கும்.

ரப்பர் கையுறையின் கணக்கு வேறு. 1,000 வோல்ட்டுக்கான 0 வகுப்புக் கையுறைக்குச் சோதனை 5 கிலோவோல்ட், ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலமும் குறைவு. கருவி தேறியது என்பதற்காகக் கையுறையைக் கழற்ற முடியாது.

சோதனை முடிந்த கருவியை ஹீட் கன்னில் காட்டாமல் காற்றாட உலர்த்துங்கள்; மூட்டுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். கருவியின் வரிசை எண் பொறிப்பதானால் வெற்று உலோகத்தில் மட்டும். உறையில் ஸ்டிக்கரும் சுருங்கும் குழாயும் வெடிப்பை மறைக்கும். கழித்த கருவியின் உறையை அன்றே நீளவாக்கில் கிழித்துப் போடுங்கள். முழு உறையோடு குப்பையில் கிடந்தால் அடுத்த ஷிப்டில் யாருடைய பையிலாவது ஏறிவிடும்.