ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், கருகிப்போன பெர்ன்: ஒன்பது வருடத் தோட்ட வேலை

கோவைப் பக்கம் வீட்டுத் தோட்டம், பண்ணை வீடு, ஒன்றிரண்டு பள்ளி வளாகம் என்று ஒன்பது வருடமாக லேண்ட்ஸ்கேப் டிசைன் செய்கிறேன். இரண்டு மென்பொருள் வைத்திருக்கிறேன்: பிளான் வரைய ஆட்டோகேட், முப்பரிமாண மாடலுக்கு ஸ்கெட்ச்அப். "எந்த சாஃப்ட்வேருங்க வாங்கறது?" என்று புதிதாக வருகிறவர்கள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதுகிறேன்.

முதலில் மரங்கள். ரெடிமேடாகக் கிடைக்கும் மாடல்களில் மேப்பிளும் பைனும் கொட்டிக் கிடக்கும். மகிழம், பூவரசு, நந்தியாவட்டை என்று தேடினால் பெரும்பாலும் கை வெறும் கைதான். அதனால் சொந்தமாகவே பிளாக் (ஒருமுறை வரைந்து வைத்துத் திரும்பத் திரும்பப் போடும் சின்னம்) வரையத் தொடங்கினேன். இப்போது அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் செடியின் பெயர், நர்சரிப் பையின் அளவு, நடும் இடைவெளி எல்லாம் அட்ரிபியூட்டாக, அதாவது பிளாக்கோடு ஒட்டிய தகவலாக, உண்டு. முன்பெல்லாம் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் புள்ளி வைத்து எண்ணுவேன். அப்படி எண்ணி ஒருமுறை 430 இட்லிப்பூவை 340 என்று எழுதி அனுப்பினேன். லாரி வந்து இறக்கிய பிறகுதான் கடைசிப் பாத்தி மொத்தமும் காலி என்று தெரிந்தது. ஆட்டோகேட் 2022 பதிப்பில், பிளாக்குகளைத் தானே எண்ணிச் சொல்லும் கவுன்ட் கட்டளை வந்ததும் அந்தப் பென்சிலை ஒதுக்கிவைத்தேன்.

ஆனால் எண்ணிக்கையைவிடப் பெரிய தலைவலி, பிளானில் மரத்தைக் காட்டும் வட்டத்தின் அளவு. அன்னூர் பக்கத்து வேலை ஒன்றில், குழி வெட்ட வந்த பெரியவர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த வட்டம் இப்ப வெக்கிற மரமுங்களா, பத்து வருசங் கழிச்சு நிக்கிற மரமுங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று புங்கனுக்கும் சரக்கொன்றைக்கும் ஒரே மூன்று மீட்டர் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்று ராத்திரியே எல்லா பிளாக்கையும் திறந்து இரண்டிரண்டு வட்டமாக்கினேன். உள்ளே முழுக்கோடு, நடும் நாளின் அளவு. வெளியே விட்டுவிட்டுப் போகும் கோடு, வளர்ந்து நிற்கும் அளவு. இரண்டும் வேறு வேறு லேயர், தனித்தனியாகக் காட்டவோ மறைக்கவோ முடியும். குழி வெட்டுகிறவருக்குப் போகும் பிரிண்டில் வெளிவட்டத்தை அணைத்துவிடுவேன். வீட்டுக்காரருக்கு இரண்டும் போகும். முப்பரிமாணப் படத்திலும் இதே கதைதான்: காகிதப்பூ சுவர் முழுக்கப் படர்ந்த படத்தை மட்டும் காட்டினால், மூன்றாம் மாதமே "படத்துல இருந்த மாதிரி இல்லீங்களே" என்று போன் வரும். நட்ட அன்றைய படத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டும் இப்போது சந்தாதான். தோட்ட பிளானுக்கு ஆட்டோகேட்டின் சின்னப் பதிப்பான எல்டியே போதும். 2024 பதிப்பிலிருந்து அதிலும் லிஸ்ப், அதாவது நாமே எழுதும் குட்டி நிரல், ஓடுகிறது. புல்தரையின் பரப்பை சதுர மீட்டரிலிருந்து சென்ட்டுக்கு மாற்றிக் காட்ட நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன், 40.47-ஆல் வகுப்பதுதான் விஷயம். இங்கே யாரும் சதுர மீட்டரில் பேசுவதில்லை. ஸ்கெட்ச்அப்பின் இலவச வெப் பதிப்பு கை பழக நல்லது, ஆனால் கூலிக்குச் செய்யும் வேலைக்கு அனுமதி கிடையாது.

சர்வேயர் தரும் டிராயிங்கை அப்படியே ஸ்கெட்ச்அப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். அதில் இருக்கும் யுடிஎம் என்ற உலக வரைபட அளவு முறையில், நம் பக்கத்து வடக்கு எண் பன்னிரண்டு லட்சம் மீட்டருக்கு மேல் இருக்கும். ஸ்கெட்ச்அப்பின் மையப்புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் மாடல் உட்கார்ந்தால் கோடுகள் நடுங்கும், பரப்புகள் காணாமல் போகும். மனையின் ஒரு மூலையை மையப்புள்ளிக்கு நகர்த்திவிட்டு, எவ்வளவு நகர்த்தினோம் என்று குறித்துக்கொண்டால் தீர்ந்தது. இது தெரியாமல் முதல் வருடம் கிராபிக்ஸ் கார்டையே மாற்றினேன்.

கடைசியாக வெயில். ஒரு கார் ஷெட்டின் வடக்குச் சுவர், பத்தடி உயரம். அதன் வெளிப்பக்க ஓரமாக இரண்டரை அடி அகலப் பாத்தி. ஸ்கெட்ச்அப்பில் ஜூன் மாத உச்சிவேளை நிழலைப் போட்டுப் பார்த்தேன். பாத்தி முழுக்க நிழல். நம்பி, நிழல் கேட்கும் பெர்ன் செடி வைத்தேன். மே மாதமே கருகிவிட்டது. ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று தோட்டக்காரரைக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தப்பு என்னுடையது. மாடல் எந்த ஊரில் இருக்கிறது என்று ஸ்கெட்ச்அப்பில் குறிக்கவே இல்லை. குறிக்காததால் அது ஸ்கெட்ச்அப் பிறந்த ஊரான, அமெரிக்காவில் கொலராடோவின் போல்டரில் இருப்பதாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. அந்த ஊர் 40 டிகிரி வடக்கு, அங்கே உச்சிவெயில் எப்போதும் தெற்கிலிருந்துதான். கோவை 11 டிகிரி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். இடத்தைக் குறித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஜூனில் அந்தச் சுவரின் நிழல் தெற்குப் பக்கம் இரண்டடி விழுந்தது. டிசம்பரில் வடக்கே ஏழடி. நான் பார்த்துக் கொடுத்த நிழல் வேறொரு கண்டத்து நிழல்.

அந்தப் பாத்தியில் இப்போது இட்லிப்பூ நிற்கிறது, வெயில் பட்டுச் சிவப்பாகப் பூக்கிறது. பெர்னுக்கான காசை நான் வாங்கிக்கொள்ளவில்லை.