பழைய டீலக்ஸ் ரிவெர்ப்: ஜிஇசட்34 போடலாமா, 5யூ4ஜிபி போடலாமா?

1960களின் நடுப்பகுதியில் வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப்பில் இருப்பது ஜிஇசட்34 ரெக்டிஃபையர் டியூப், அதாவது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் வால்வு. 225 மில்லிஆம்பியரில் அது விழுங்குவது சுமார் 17 வோல்ட்தான். ஒலி இறுக்கமாக, தெளிவாக வரும். அதே வேலையைச் செய்யும் 5யூ4ஜிபி டியூப் 40 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். ஓங்கி அடித்தால் வோல்டேஜ் தொய்ந்து மீளும்; ப்ளூஸ் வாசிப்பவர்களுக்கு அந்தத் தொய்வு பிடிக்கும்.

சரி, பின்கள் பொருந்துகின்றனவே, மாற்றிவிடலாமா? அவசரம் வேண்டாம். ஜிஇசட்34-ஐ உள்ளே சூடாக்கும் ஹீட்டருக்கு 1.9 ஆம்பியர் போதும், 5யூ4ஜிபி 3 ஆம்பியர் கேட்கும். அரை நூற்றாண்டு கடந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அது வீண் சுமை. ஜிஇசட்34 மெதுவாகச் சூடேறும். மற்றதோ ஸ்பீக்கரை இயக்கும் பவர் டியூப்கள் தயாராகும் முன்பே முழு வோல்டேஜையும் கொட்டிவிடும்.

இந்த ஆம்ப் அமெரிக்காவின் அன்றைய 117 வோல்ட்டுக்குச் செய்தது. இன்று அங்கே பிளக்கில் 120-க்கு மேலும் வரும். அதற்காக ரெக்டிஃபையரை மாற்றினால் பிளேட் வோல்டேஜ் (டியூப்களுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) மட்டும் இறங்கும், மற்ற டியூப்களைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் லைன் ஏறியபடியே நிற்கும். பிளக்கிலிருந்து வரும் வோல்டேஜைச் சற்றுக் குறைக்கும் பக்கிங் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் இறக்கும். என் ஓட்டு அதற்கும் ஜிஇசட்34-க்கும்தான். எதை மாற்றினாலும் 6வி6 பவர் டியூப்களின் பயாஸை (வாசிக்காதபோது அவற்றில் ஓடும் மின்னோட்டத்தை) அளந்து சரிசெய்யுங்கள். அப்புறம், அணைத்த ஆம்ப்பிலும் கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். வடித்துவிட்டுக் கை வையுங்கள்.