ஐடிஐஎல் பேக்கேஜ் என்று போன் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஐடி கம்பெனிகளின் சர்வீஸ் டெஸ்க்கிலும் எல்1, எல்2 (முதல், இரண்டாம் நிலை) சப்போர்ட்டிலும் வேலை பார்த்துக்கொண்டு, அடுத்த படிக்குப் போகத் துடிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஐடிஐஎல் (ஐடி சேவைகளை நிர்வகிப்பதற்கான வழிமுறைகளின் தொகுப்பு) சர்டிஃபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்லி சென்னையில் ஒரு பயிற்சி மையம் என்னிடம் 32,000 ரூபாய் வாங்கியது. கடைசியில் கையில் கொடுத்தது அவர்களே அச்சடித்த ஓர் அட்டை. தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே பேச்சு, இதே பேக்கேஜ் வேறு நண்பர்களுக்கும் போனில் வந்திருக்கிறது.

வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமேயைப் புதுப்பித்த கையோடு போன் வந்தது. "சார், இன்சிடென்ட் மேனேஜர் ரோலுக்கு உங்க ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு. ஐடிஐஎல் மட்டும்தான் குறை" என்றார் பேசிய பெண். அடிப்படை நிலையான ஃபவுண்டேஷனும் உயர்நிலையான எக்ஸ்பர்ட்டும் சேர்ந்து ஒரே பேக்கேஜாம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பாம், நூறு சதவீதம் பாஸ் கேரண்டியாம், சர்டிஃபிகேட் வாழ்நாள் முழுக்கச் செல்லுமாம். தேர்வுக் கட்டணமும் இதில் அடக்கமா என்று தெளிவாகவே கேட்டேன். "எல்லாமே இன்க்ளூடட் சார்" என்றார். வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன், அதிலும் அதே பதில். அந்த வாட்ஸ்அப் பதில்தான் இன்று என் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி.

வகுப்புக்குப் போனால் ப்ரொஜெக்டரில் ஓடியது பழைய வி3, அதாவது ஐடிஐஎல்லின் மூன்றாம் பதிப்புப் பாடம். சர்வீஸ் ஸ்ட்ராட்டஜி, சர்வீஸ் டிசைன், சர்வீஸ் ட்ரான்சிஷன் என்று ஐந்து கட்டங்களாகப் போகும் அந்த லைஃப்சைக்கிள் படம். ஸ்லைடின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 2011 என்று இருந்தது. ஐடிஐஎல் 4 வந்தது 2019 பிப்ரவரியில். அதன் ஃபவுண்டேஷன் தேர்வில் சர்வீஸ் வேல்யூ சிஸ்டம், நான்கு பரிமாணங்கள், ஏழு வழிகாட்டும் கொள்கைகள், மொத்தம் உள்ள 34 நடைமுறைகளில் குறிப்பிட்ட சில ஆகியவற்றிலிருந்துதான் கேள்வி வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அந்த ஏழு கொள்கைகளைப் பற்றிக் கேட்டார். பயிற்சியாளர் "அது அட்வான்ஸ்டு லெவல்ல வரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குத் தாவினார். அடிப்படைப் பாடமே அதுதான்! அந்தப் பெண் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தவர். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவருக்குக் கொடுத்த பதில் இது. என் பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கடைசி வகுப்பன்று ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். தங்க நிற ஓரம், நடுவில் கொட்டை எழுத்தில் "சர்டிஃபைட் புரொஃபெஷனல்", கீழே மைய இயக்குநரின் கையெழுத்து. மூலையில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அவர்களுடைய வலைத்தளத்துக்கே போகிறது. "தேர்வு எப்போது?" என்று கேட்டால், "வகுப்பில் எழுதினீங்களே சார், அந்த டெஸ்ட்தான்" என்கிறார்கள்.

ஏன் அந்த அட்டை செல்லாது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஐடிஐஎல் 1980களில் பிரிட்டிஷ் அரசின் சிசிடிஏ என்ற அமைப்பு உருவாக்கியது. 2013-இல் ஆக்சலோஸ் என்ற கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2021-இல் பீப்பிள்செர்ட் என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் அந்த ஆக்சலோஸையே வாங்கிவிட்டது. அதற்கு முன்பே, 2018 முதல், தேர்வு நடத்தும் பொறுப்பு பீப்பிள்செர்ட்டிடம் மட்டும்தான். அதற்கு முன் எக்ஸின், ஏபிஎம்ஜி என்று பல அமைப்புகள் நடத்தின. அதனால்தான் சீனியர்களின் சர்டிஃபிகேட்டில் வேறு வேறு லோகோ இருக்கும், அவை பொய்யல்ல. ஆனால் இன்று எந்தப் பயிற்சி மையமும், எவ்வளவு பெரிய மையமாக இருந்தாலும், தானே ஐடிஐஎல் சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது. அவர்கள் தருவது வகுப்புக்கு வந்தீர்கள் என்பதற்கான சான்று, அவ்வளவுதான். சுவரில் ஐஎஸ்ஓ 9001 என்று பெரிதாக மாட்டியிருந்தார்கள். அது நிறுவனத்தின் தர நிர்வாக முறை பற்றியது. ஐடிஐஎல் சொல்லித்தரும் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

உண்மையான ஃபவுண்டேஷன் தேர்வு 40 கேள்வி, 60 நிமிடம். 26 சரியாக இருந்தால் பாஸ். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம். வெப்கேமராவில் கண்காணிப்பாளர் இருப்பார், அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார், அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். இதற்கு வவுச்சர், அதாவது தேர்வுக் கட்டணம் கட்டியதற்கான குறியீடு வேண்டும். வவுச்சர் உங்கள் பெயரில் உள்ள பீப்பிள்செர்ட் கணக்கில் ஏற வேண்டும். அந்த வவுச்சர் இல்லாத பேக்கேஜ் என்ன விலைக்கு வந்தாலும் வெறும் வகுப்புதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஃபவுண்டேஷனுக்கு வகுப்பு கட்டாயமே இல்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு நேராகத் தேர்வு எழுதலாம். டிக்கெட்டோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இன்சிடென்ட்டுக்கும் ப்ராப்ளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் அந்த "எக்ஸ்பர்ட்". அது வி3 காலத்துப் பட்டம். அப்போதே அதற்கு 22 கிரெடிட் சேர்க்க வேண்டும், இரண்டு வார இறுதியில் வரக்கூடியதல்ல. ஐடிஐஎல் 4-இல் அந்தப் பட்டமே இல்லை. ஃபவுண்டேஷனுக்கு மேல் மேனேஜிங் புரொஃபெஷனல் என்று ஒரு பாதை இருக்கிறது. கிரியேட் டெலிவர் அண்ட் சப்போர்ட், டிரைவ் ஸ்டேக்ஹோல்டர் வேல்யூ, ஹை வெலாசிட்டி ஐடி, டைரக்ட் பிளான் அண்ட் இம்ப்ரூவ் என்ற நான்கு பாடங்களையும் முடித்தால் அது கிடைக்கும். இதில் கடைசிப் பாடத்தோடு டிஜிட்டல் அண்ட் ஐடி ஸ்ட்ராட்டஜி சேர்ந்தால் ஸ்ட்ராட்டஜிக் லீடர். மேனேஜிங் புரொஃபெஷனலின் நான்குக்கும் தனித்தனித் தேர்வு, ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இங்கேதான் பயிற்சி கட்டாயம், அதுவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில். சர்வீஸ் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு என்னைக் கேட்டால் இந்த ஏணியில் உடனே ஏறத் தேவையில்லை. இன்சிடென்ட், ப்ராப்ளம், சர்வீஸ் ரிக்வெஸ்ட், சர்வீஸ் டெஸ்க், மானிட்டரிங் ஐந்தையும் சேர்த்து மானிட்டர் சப்போர்ட் ஃபுல்ஃபில் என்று ஒரு பாடம் இருக்கிறது. நம் அன்றாட வேலைக்கு அதுதான் நெருக்கம்.

வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்பதும் பொய். 2023 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதே தேர்வைத் திரும்ப எழுதலாம், அதே வரிசையில் வேறொரு தேர்வில் பாஸ் ஆகலாம், இல்லையென்றால் உறுப்பினராகி ஆண்டுதோறும் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்கலாம். இந்தச் செலவைப் பற்றி எந்த டெலிகாலரும் வாய் திறப்பதில்லை.

ஒரு நேர்காணல் நல்லபடியாகப் போய், சர்டிஃபிகேட் எண் கேட்டு எச்ஆரிடமிருந்து மெயில் வந்தபோதுதான் பிரச்சினை முழுதாக வெடித்தது. பீப்பிள்செர்ட் தளத்தில் எண்ணைப் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும், கம்பெனிகள் அப்படித்தான் சரிபார்க்கின்றன. என் அட்டையில் எண்ணே இல்லை. மையத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் சொன்ன தீர்வைக் கேளுங்கள்: இன்னும் 15,000 கட்டினால் "ரிமோட் சப்போர்ட்" தருவார்களாம். நான் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தால் போதும், லேப்டாப்பை வேறொருவர் இயக்கி விடை போட்டுவிடுவாராம். முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களிடமும் இதைச் சொன்னால் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். பிடிபட்டால் முடிவு ரத்தாகும், உங்கள் பெயர்தான் கெடும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் லேப்டாப்பின் முழுக் கட்டுப்பாட்டையும் யாரென்றே தெரியாதவர் கையில் கொடுக்கிறீர்கள் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

எனவே பணம் கட்டுவதற்கு முன், பீப்பிள்செர்ட் தளத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "நாங்கள் பார்ட்னர்" என்று சொன்னால் யாருக்குப் பார்ட்னர் என்று கேட்டு, அந்த நிறுவனத்துக்கே மெயில் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வவுச்சர் எந்தத் தேதிக்குள் வரும், எந்தப் பதிப்புக்கான தேர்வு, தோற்றால் மறுதேர்வுக் கட்டணம் யார் தருவது, இந்த மூன்றையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். தனிநபரின் யூபிஐ எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களும் சும்மா விட வேண்டாம். முதலில் மெயிலில் ஒரு தேதி குறிப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். நான் பதிந்த பிறகுதான் அதுவரை போனே எடுக்காதவர்கள் தாங்களே கூப்பிட்டுப் பாதிப் பணத்தைத் திருப்பினார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என்னோடு படித்த அந்தப் பெண்ணும் தன் ரசீதோடு தனியாக மனு தயாரித்துக்கொண்டிருக்கிறார். அதே வகுப்புகளுக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் அந்த அட்டையின் புகைப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.