புளியரை தாண்டுனா ரோமிங்: போன்லயே தினப்படி பதிவு வச்ச பதினேழு வருச அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், இது புதுசா வந்த போனுக்கு ரிவ்யூ இல்ல. 2008-ல ஆரம்பிச்ச ஒரு பழக்கத்தப் பத்தினது. போற எடம், ஏத்துன லோடு, இறக்குன நேரம், வழியில பாத்தது எல்லாத்தையும் போன்லயே ஒரு படமும் ரெண்டு வரியுமா போட்டு வைக்கிறது, அதுல எந்த எடம்னு போனையே எழுத வைக்கிறது. அப்ப இதுக்கு மொப்ளாக்னு, அதாவது மொபைல்ல எழுதுற பிளாக்னு பேரு சொன்னாங்க. இப்ப யாரும் அந்த வார்த்தைய சொல்றதில்ல, ஏன்னா எல்லாரும் அதத்தான் செய்றாங்க.

நமக்கு ஊரு கேரளா எல்லைய ஒட்டுன புளியரை பக்கம். அப்பாவுக்கு பாவூர்சத்திரம் மார்க்கெட்ல காய் எடுத்து புனலூர், கொட்டாரக்கரைக்கு அனுப்புற யாவாரம். குட்டியானைல முன்சீட்டுல நான், பின்னாடி வெண்டக்கா, தடியங்கா, முருங்கக்கா, ஓணம் நேரத்துல ஏத்தங்கொல. செங்கோட்டை, புளியரை, எஸ் வளைவு, மாநில எல்லையான கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, அப்புறம் புனலூர், ஐம்பது கிலோமீட்டர் பக்கம்தான், ஆனா அதுக்குள்ள மாநிலம் மாறும், பாஷை மாறும், எல்லாத்துக்கும் முன்னாடி டவர் மாறும்.

ஜிபிஎஸ்லாம் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஊர்ல எல்லாரு போனுக்கும் எடம் தெரியும். பழைய போன்ல செல் இன்ஃபோ டிஸ்ப்ளேன்னு ஒரு செட்டிங் உண்டு, அத ஆன் பண்ணுனா ஸ்க்ரீன்ல டவர் பேரு வரும், செங்கோட்டைன்னு வந்தா காசு மிச்சம், ஆரியங்காவுன்னு வந்தா ரோமிங், அதாவது வேற மாநிலத்து நெட்வொர்க், அப்ப வர்ற காலுக்கும் நம்ம காசுதான். இதுல கொடும என்னன்னா நாம கேரளாவுக்குப் போகவே வேண்டாம். மலையடிவாரம்கிறதால வீட்டு முத்தத்துல நின்னா தமிழ்நாடு டவர், மாடிக்குப் போய்ட்டா கேரளா டவர். ஒரு மாசம் நான் ஊர விட்டு நகரவே இல்ல, பில்லுல பாதி ரோமிங். கஸ்டமர் கேருக்குப் போட்டு சண்ட புடிச்சா, சார் நீங்க கேரளாவுலதான் இருந்திருக்கீங்க, சிஸ்டம்ல காட்டுதுங்கான். எங்க தாத்தாகிட்ட சொன்னேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சில இருந்த ஊர்தான, அவரு சிரிச்சுட்டு, நான் இருந்த எடத்த விட்டு அசையாமலே மாநிலம் மாறுனவன்டா, உனக்கு போன்தான மாறுதுன்னாரு. அதுக்கப்புறம் நெட்வொர்க்க மேனுவல்ல போட்டு வச்சேன், அப்ப ஏத்தத்துல பாதி தூரம் சிக்னலே இருக்காது, அது வேற கத.

போனுக்கு வருவோம். சவுதில இருந்து லீவுக்கு வந்த மச்சான் வச்சிருந்த நோக்கியா என்95-அ 2008-ல செகண்ட்ஹேண்டா அவர்கிட்டயே வாங்குனேன். 5 மெகாபிக்சல் கேமரா, கார்ல் சைஸ் கம்பெனி லென்ஸ், உள்ளயே ஜிபிஎஸ், 2007-ல வந்த மாடல், அன்னைக்கு அது பெரிய விசயம். நோக்கியா லைஃப்பிளாக்னு ஒரு சாஃப்ட்வேர், 2004-ல 7610 போனோட அறிவிச்சது. எடுத்த படம், வீடியோ, எஸ்எம்எஸ், எம்எம்எஸ், எழுதுன குறிப்பு எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு நீளமான நாடா மாதிரி அடுக்கிக் காட்டும், கேபிள் மாட்டி கம்ப்யூட்டருக்கும் ஏத்திக்கலாம். அத மொதமொத ஓட்டிப் பாத்தப்ப எனக்கு உண்மையிலயே புல்லரிச்சுச்சு, ஏன்னா மார்க்கெட் சிட்டை நோட்டுல இருக்கிற தேதியும் ஆத்தா அனுப்பச் சொன்ன மெசேஜும் மழையில நனைஞ்ச சாக்கும் ஒரே வரிசையில நிக்குது. அப்பாகிட்ட காட்டுனேன். முழுசாப் பாத்துட்டு அவரு கேட்டது ஒண்ணுதான், "ஏலே, இதுல அன்னைக்கு கையில எவ்வளவு நின்னுச்சுன்னு போட்டிருக்கா?"

ஜிபிஎஸ் பொறுமைய சோதிக்கிற சாமான். அந்த போன்ல ஆண்டெனா நம்பர் பட்டனுக்கு அடியில இருக்கும், அதனால ஸ்லைடத் தெறந்து பட்டன் பக்கத்த வானத்துக்குக் காட்டணும். டிரைவர் அண்ணாச்சி, "தம்பி, என்ன வானத்துக்கு தீவாராதன காட்டுதியளா"ம்பாரு. காரணம் பின்னாலதான் புரிஞ்சுச்சு. சாட்டிலைட்டு தான் எங்க இருக்கேங்கிற கணக்க நொடிக்கு 50 பிட் வேகத்துலதான் அனுப்புது, ஒரு சாட்டிலைட்டோட கணக்கு முழுசா வர சுமாரா முப்பது செகண்டு ஆகும், நடுவுல மலையோ மரமோ மறைச்சா திருப்பியும் மொதல்ல இருந்து. எஸ் வளைவுல முப்பது செகண்டு நேரா வானம் கெடைக்குமா? அதுக்குத்தான் ஏ-ஜிபிஎஸ்னு அப்டேட் விட்டாங்க, அந்தக் கணக்க நெட்டு வழியா எறக்கிக்கும், சட்டுன்னு புடிக்கும். ஆனா நெட்டுன்னா அன்னைக்கு ஜிபிஆர்எஸ்னு டவர் வழியா வர்ற மெதுவான நெட்டுதான், கோட்டைவாசலுக்கு அங்கிட்டு ஜிபிஆர்எஸ்னா ரோமிங் டேட்டா. அதனால புளியரை டீக்கடைலயே ஏ-ஜிபிஎஸ்ல புடிக்க வச்சுட்டு, அப்படியே விடாம ஏத்தம் ஏறுறது. 950 எம்ஏஎச் பேட்டரி, ஜிபிஎஸ் ஓடுனா கண்ணு முன்னாலயே கோடு கொறையும், வண்டி பேட்டரில இருந்து ஒரு சார்ஜர் ஒயர் எப்பவும் தொங்கும்.

அப்லோடும் அதே டீக்கடைதான். படத்த 640-க்கு 480-ஆ சுருக்கி, தங்கிலீஷ்ல ரெண்டு வரி அடிச்சு, மெயில்ல அனுப்புனா என் பிளாக் பக்கத்துல ஏறிடும். தமிழ்ல அடிக்க வழியே இல்ல, வந்த தமிழும் கட்டம் கட்டமாத்தான் தெரியும், ஓபரா மினில ஒரு ரகசிய செட்டிங்க மாத்துனாத்தான் தமிழ் எழுத்தே படமா வரும், அது தெரிஞ்சவன் அன்னைக்கு எங்க தெருவுல பெரிய ஆளு. ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஒரு படம் ஏறும். ரெண்டு படம் போடணும்னா வடையும் வாங்கணும்.

யாவாரத்துக்கு இது உதவுச்சான்னு கேட்டா, பாதிதான். ஒரு ஓணத்துக்கு முந்துன வாரம், செக்போஸ்ட்ல நாலு மணி நேரம் வரிசை, லோடு லேட்டு. நான் வரிசையப் படம் எடுத்து, நேரமும் எடமும் பதிஞ்சு, புனலூர் கடைக்காரர்கிட்ட நீட்டுனேன். இந்தா பாருங்க சேட்டா, மூணு மணிக்கு இங்க நிக்கேன், வெண்டக்கா எப்படிப் பச்சையா இருக்கு பாருங்கன்னேன். அவரு படத்தப் பாத்தாரு, கையில இருந்த வெண்டக்காயப் பாத்தாரு, "போட்டோவ நான் வாங்கிக்கிடட்டா?"ன்னு கேட்டாரு. கழிச்சது கழிச்சதுதான்.

இந்தப் பழக்கத்துல நான் ரொம்பப் பத்திரமா வச்சிருக்கது ரயிலு. செங்கோட்டை-புனலூர் மீட்டர் கேஜ 2010 செப்டம்பர்ல நிப்பாட்டுனாங்க, அகலப்பாதையா முழுசாத் தெறந்தது 2018-ல. நிப்பாட்டுறதுக்கு முந்துன வாரம் அம்மாவக் கூட்டிக்கிட்டு சும்மா போய்ட்டு வந்தேன். பகவதிபுரம் ஸ்டேஷன்ல ஜிபிஎஸ் புடிச்சுச்சு, அடுத்தாப்ல மலையக் கொடஞ்ச குகை, அதுக்கப்புறம் போனுக்கு வானமே தெரியல, டேக் போடுற ஆப்பு கடைசியாத் தெரிஞ்ச எடத்தையே எல்லாப் படத்துலயும் எழுதிருச்சு. அதனால இன்னைக்கு மேப்ல போட்டுப் பாத்தா ஆரியங்காவு, பதிமூணு கண் பாலம், தென்மலை, எல்லாமே பகவதிபுரத்துல ஒரே புள்ளியில குவிஞ்சு கெடக்கு. குறிப்புல நான் அடிச்சது மட்டும் சரியா இருக்கு, "13 கண் பாலம், அம்மா முறுக்கு தந்தா, காத்து"ன்னு. சரி பண்ண சாஃப்ட்வேர் இருக்கு, அஞ்சு நிமிச சோலி, நான் பண்ணல. கோட்டைவாசல் தாண்டுனா எங்க இருக்கோம்னு அந்த போனுக்குத் தெரியாதுங்கிறதும் அன்னைக்கு நடந்ததுதான.

2009 பிப்ரவரில கூகிள் லாட்டிட்யூட் வந்தப்ப வீட்டுல எல்லாரும் குஷியாயிட்டாங்க, பையன் எங்க இருக்கான்னு கம்ப்யூட்டர்லயே பாக்கலாம்ல. ஜிபிஎஸ் புடிக்காத நேரம் டவர வச்சு குத்துமதிப்பா காட்டும், மலைநாட்டுல டவருக்கு டவர் தூரம் ஜாஸ்தி, வட்டம் ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு விரியும். நான் தென்மலை ரோட்டுல டயர் மாத்திக்கிட்டு நிக்கேன், வட்டத்தோட நடுப்புள்ளி காட்டுக்குள்ள. அம்மா அழுதுட்டா. 2013 ஆகஸ்ட்ல அத மூடுனப்ப எங்க வீட்டுல யாரும் வருத்தப்படல.

நான் வருத்தப்பட்டது வேற ஒண்ணுக்கு. நாலு வருசமா டீக்கடைல நின்னு ஏத்துன படம் எல்லாம் இருந்த சர்வீஸ மூடுறோம்னு ஒரு மெயில் வந்துச்சு, அது குப்பை மெயில்ல போய் விழுந்திருக்கு, நான் பாக்கும்போது எல்லாம் போச்சு. பேரு வேண்டாம், இப்ப இல்லாத கடையத் திட்டி என்ன ஆகப்போகுது. தப்பிச்சது மெமரி கார்டுல கெடந்த ஒரிஜினல் மட்டும். படத்துக்குள்ளயே எக்சிஃப்னு ஒரு பகுதில தேதி, நேரம், 9-க்குப் பக்கத்துல வடக்கு, 77 கிழக்குன்னு எடம், எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு வரி குறிப்பு போச்சு. லைஃப்பிளாக்ல அடிச்சது மட்டும் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஒண்ணு கவனிங்க, வாட்ஸ்அப்ல படமா அனுப்புனா இந்த எக்சிஃப் எல்லாம் உரிஞ்சுரும், டாக்குமெண்டா அனுப்புனாத்தான் நிக்கும். குடும்ப குரூப்ல இருந்து எறக்கி வச்ச கல்யாணப் படம் எந்த மண்டபம், எந்த நேரம்னு கேட்டா அதுக்கு ஒண்ணும் தெரியாது.

ஆண்ட்ராய்டு வந்ததும் உழைப்பே போயிருச்சு. 2015-ல வந்த கூகிள் டைம்லைன் நாம ஒண்ணும் செய்யாமலே எழுதிக்கிடும். வசதிதான், ஆனா சப்புன்னு இருக்கும். ஆரியங்காவுல 50 நிமிசம்னு இருக்கும், கோயிலுக்குப் போனேனா, சபரிமல சீசன் நெரிசல்ல மாட்டுனேனா, டீ குடிச்சேனான்னு அதுக்குத் தெரியாது, மூணு மாசம் கழிச்சு எனக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்ட்ல கார்டன் பெல்னு ஒரு பெரியவரு சென்ஸ்கேம்னு ஒரு கேமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டு, அது தானாப் படம் எடுத்துத் தள்ள, வாழ்க்கைல எல்லாத்தையும் சேத்து வச்சாரு, 2024-ல காலமானாரு. அவரு பொறுமைக்கு ஒரு கும்பிடு, எனக்கு அது ஒத்து வராது, நானா நின்னு எடுத்த படம்தான் நெனவுல நிக்குது.

ரோமிங் தொல்லையும் ஒரு வழியா ஒழிஞ்சுச்சு, 2015 ஜூன் 15-ல பிஎஸ்என்எல் ரோமிங்ல வர்ற காலுக்குக் காசு இல்லன்னு ஆக்குனாங்க, கொஞ்ச நாள்ல யாருக்கும் ரோமிங்னாலே என்னன்னு மறந்துருச்சு. அப்புறம் 2020. பார்டர அடைச்சாச்சு, பாஸ் இல்லாம ஆளு தாண்ட முடியாது, யாவாரம் படுத்துருச்சு, நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். அந்த மாசத்து டைம்லைன எடுத்துப் பாருங்க, வீடு, கேரளா, வீடு, கேரளான்னு இருக்கு. மாடி டவர் புத்தி மாறல. ஊரே அடைஞ்சு கெடந்தப்ப என் போன் மட்டும் தினமும் ஆரியங்காவு போய்ட்டு வந்திருக்கு.

2024-ல டைம்லைன் கணக்க போனுக்குள்ளயே மாத்திட்டாங்க, கம்ப்யூட்டர்ல பாக்க முடியாது, பேக்கப்ப நாமளே ஆன் பண்ணணும், எத்தன மாசம் வைக்கணும்னும் நாமளே சொல்லணும். நான் போன் மாத்தும்போது பேக்கப் போட மறந்து கொஞ்சம் போச்சு, தப்பு என்னோடது. இப்பப் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: கேமரால லொக்கேஷன ஆன் பண்ணி வைங்க, மாசத்துக்கு ஒருக்கா ஒரிஜினல ஹார்ட் டிஸ்க்குக்கு எறக்குங்க, அடுத்தவங்களுக்கு அனுப்பும்போது வீட்டுல எடுத்த படத்துல எடத்த நீக்கிட்டு அனுப்புங்க. ஆப்பு எதா இருந்தாலும் பரவால்ல, வெளிய எடுக்க முடியலன்னா அதுல எழுதாதீங்க.

நான் இன்னும் லோடோட போறேன், வண்டி மட்டும் பெருசாயிருக்கு. புளியரைல டீக்கு எறங்குனா ஒரு படம், ரெண்டு வரி, இப்ப தமிழ்லயே. இந்தப் போன் டவர் பேரு காட்டுறதில்ல, அதனால முதல் வார்த்தையா அத நானே அடிச்சுக்கிடுறேன்: செங்கோட்டை. ஏத்தம் ஏறி எறங்குனதும்: ஆரியங்காவு.