299 ரூபாய் ரீசார்ஜ்: ஒரு வருஷமாகப் போட்டுப் பார்த்தபின்

தினம் 1.5 ஜிபி, 28 நாள், 299 ரூபாய். எங்கள் வீட்டுக்கு இருக்கும் ஒரே இன்டர்நெட் இதுதான். செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், தம்பி பாலிடெக்னிக், தங்கை பிளஸ் டூ, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ரீசார்ஜ் என் பொறுப்பு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்னல் அருமை. முன்பெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓட வேண்டும், இப்போது அடுப்படியிலேயே வீடியோ கால் வருகிறது.

பிரச்சினை அந்த 1.5 ஜிபிதான். ஒருத்தர் வாட்ஸப் பார்க்க, பாட்டுக் கேட்கப் போதும், இரண்டு பேர் படிக்கப் போதவே போதாது. நான் 2015-ல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் வீட்டில் இருக்கிறது, பேட்டரி போய்விட்டது, சார்ஜரில்தான் ஓடும். தம்பி சாயந்திரம் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் ஆட்டோகேட் பாடம் பார்த்தால், டேட்டா தீரப்போகிறது என்று எட்டரை மணிக்கே மெசேஜ் வந்துவிடும். அப்புறம் 64 கேபிபிஎஸ் வேகம்தான், தங்கையின் இயற்பியல் வீடியோ பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயுதபூஜை லீவுக்குப் போனபோதுதான் பார்த்தேன், அவள் ராத்திரி 12.05-க்கு அலாரம் வைத்து எழுந்து, அப்போதுதான் வந்திருக்கும் புது டேட்டாவில் மறுநாள் வீடியோக்களை டவுன்லோடு போட்டுவிட்டு, போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் அது முடிகிறவரை விழித்திருக்கிறாள். எனக்கு மனசே ஆறவில்லை.

விலைக்கு வருகிறேன். இதே பேக் 239 ரூபாயாக இருந்தது, 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் விலையை ஏற்றியபோது 299 ஆனது. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய், அதுவும் அளவெடுத்துக் கைக்கு வரும்போது குறைந்துவிடும். ஆக அம்மாவின் ஒரு முழு நாள் உழைப்பு ஒரு ரீசார்ஜுக்கே போய்விடுகிறது. 28 நாள் கணக்கு என்பதால் வருஷத்துக்கு 13 தடவை போட வேண்டும், மொத்தம் 3887 ரூபாய்.

அதே கம்பெனியில் வருஷ பேக் 3599 ரூபாய், தினம் 2.5 ஜிபி. மொத்தமாகப் பணம் வைத்திருப்பவர் 288 ரூபாய் குறைவாகக் கட்டிவிட்டு ஒவ்வொரு நாளும் 1 ஜிபி அதிகம் வாங்கிக்கொள்கிறார், எங்களால் 3599-ஐ ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியவில்லை என்பதற்காகவே நாங்கள் கூடக் கொடுத்துக் குறைவாக வாங்குகிறோம். திருப்பூரில் ஃபைபர் லைன் வரியோடு 471 ரூபாய், மாசத்துக்கு 3300 ஜிபி வரை ஓடும். எங்கள் ஊருக்கு அந்த ஒயர் இன்னும் வரவில்லை. 299 பேக்கில் 28 நாளைக்கும் சேர்த்தே 42 ஜிபிதான். இது நியாயமே இல்லை, படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

இன்னொன்று, ஒருமுறை வியாழக்கிழமை வேலிடிட்டி முடிந்தது, எனக்குக் கூலி சனிக்கிழமைதான். அந்த இரண்டு நாளில் தம்பி ஆன்லைனில் அனுப்ப வேண்டிய அசைன்மென்ட் போய்விட்டது.

என் மதிப்பெண் 5-க்கு 2, அந்த இரண்டும் சிக்னலுக்கு. கம்பெனிக்காரர்கள் வருஷ பேக்கைத் தவணையில் தரட்டும், நாங்கள் ஒரு மாசமும் தவறாமல் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? அதுவரை காத்திருக்க முடியாது என்று எங்கள் ரூமில் ஆறு பேர் சேர்ந்து தலைக்கு 600 ரூபாய்ச் சீட்டு ஆரம்பித்திருக்கிறோம், மாசம் ஒரு வீட்டுக்கு வருஷ பேக். மார்ச்சில் தங்கைக்குப் பொதுத்தேர்வு என்று சொன்னதும் முதல் சீட்டை மற்ற ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.